பன்னிரண்டாம் தடத்து மணி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், லேனா. எங்கள் மைதானத்தில் கார் நிறுத்த இடம் போதாது. பதினான்கு கார் வந்தால் நிரம்பிவிடும். பதினைந்தாவது ஆள் சாலையோரப் பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தியாக வேண்டும். மழை பெய்திருந்தால் அந்தச் சக்கரத்தை மேலே ஏற்ற நாலு பேர் சேர்ந்து தள்ள வேண்டும். இது குறைதான். குறை இருந்தால் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவன் நான். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

கருவி ஓடுகிறதா? சிவப்பு விளக்கு எரிகிறது, சரி. பெயர் பென்ட்டி ரௌத்தியோ. வயது அறுபத்து மூன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவன். வக்கீல் வேண்டாம். உங்களை நீ என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். இரண்டாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு என் அறை வாசலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பீர்கள். இன்று போலீஸ் உடுப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆகவே நீங்கள் என்றே சொல்கிறேன்.

இந்த வாக்குமூலத்தை நகரமன்றக் குழுவும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். குழுவில் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் டிஸ்க் கோல்ஃப் வட்டைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது. பின்லாந்தில் இப்படியும் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள் பாருங்கள். அவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எறிமேடையில் நின்று வட்டை எறிய வேண்டும். தடத்தின் முடிவில் ஒரு கம்பம், கம்பத்தில் இரும்புக் கூடை, கூடைக்கு மேல் சங்கிலிகள். வட்டு சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுந்தால் அந்தத் தடம் முடிந்தது. குறைந்த எறியில் முடிக்கிறவர் கெட்டிக்காரர். இது கடற்கரையில் குழந்தைகள் எறிந்து பிடிக்கிற தட்டு கிடையாது. தூரம் போகிற வட்டுக்குக் கனம் உண்டு, விளிம்பு மெலிந்து கெட்டியாக இருக்கும். நல்ல கையிலிருந்து கிளம்பினால் நெடுஞ்சாலைக் கார் வேகத்தில் போகும்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பள்ளியை மூடி, பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பக்கத்து ஊருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். என் வேலை போயிற்று. சாவிக்கொத்தைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த வசந்தத்தில்தான் ஏரிக்கரைக் காட்டில் ஒரு மைதானம் போடலாமே என்று நகரமன்றத்தில் கேட்டேன். நிலமும் கூடைகளும் தந்தார்கள். மற்றதெல்லாம் ஊர் கூடிச் செய்த வேலை, கூலி கிடையாது, மதியம் பட்டாணி சூப்பும் பிறகு காபியும். எந்த மரம் விழ வேண்டும், எந்த மரம் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நாடா கட்டினவன் நான். நாடா கட்டிய மரங்களை அறுத்தவன் ஓஸ்மோ. என் வயதுக்காரன், என் வீட்டுக்கு மூன்றாம் வீடு. நாற்பது வருடம் மர அறுவை ஆலையில் நின்றவன். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் கத்தினால் பாதி விழும். வட்டைத் தொட மாட்டான். பெரிய மனுஷங்க தட்டு எறிஞ்சு விளையாடறதப் பாத்தா எனக்குச் சிரிப்பா வருது என்பான். ஆனால் நாற்பத்தொரு மரத்தை அறுத்துக் கொடுத்தான். அதை நான் எப்போதும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆட வருகிறவர்கள் இணையத்தில் எழுதுவார்கள். நிறைகள் என்று ஒரு கட்டம், குறைகள் என்று ஒரு கட்டம், அதற்கு மேல் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம். தினமும் காலையில் கஞ்சி குடிக்கும்போது புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பேன். நிறைகளில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் வரும். பலகைகள் தெளிவு, எறிமேடைகள் வழுக்குவதில்லை, குப்பையே இல்லை, யாரோ ஒருவர் இந்த இடத்தை உயிராகப் பார்த்துக்கொள்கிறார். அந்த யாரோ ஒருவர் நான்தான். குறைகளில் கார் இடம் வரும், நாலாம் தடத்துக் கொசு வரும், ஒன்பதில் வேர் தடுக்குகிறது என்று வரும். வேரை மறுநாளே வெட்டினேன். கொசுவுக்கு நான் என்ன செய்ய முடியும்?

எல்லாரும் பேசுவது பன்னிரண்டாம் தடத்தைப் பற்றித்தான். எறிமேடைக்கு முன்னால் ஒரு பாறை மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் தடம் சரிந்து ஏரியை நோக்கி இறங்குகிறது. எறிகிறவருக்கு எதிரே மேடும் வானமும் ஒரு பிர்ச் மரத்தின் தலையும், பக்கவாட்டில் ஏரியின் ஒரு துண்டும் தெரியும், அவ்வளவுதான். வட்டு மேட்டைத் தாண்டி மறைந்துவிடும். அங்கே என்ன ஆயிற்று என்று போய்த்தான் பார்க்க வேண்டும். நானாகவே சொல்வது நன்றாக இருக்காது, ஆனாலும் இந்த மாகாணத்தில் அப்படி ஒரு தடம் வேறு கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எறியும்போது அங்கே ஆள் நின்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மணி. பள்ளிக்கூட மணியைத்தான் நான் கொண்டுபோய் அங்கே கூடைக்குப் பக்கத்தில் மாட்டினேன். நீங்கள் ஆறு வருடம் அந்த மணிக்கு ஓடி வரிசையில் நின்றவர். ஹில்லா நாலு வருடம். ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம் கேட்டால் கால் தானாக நகரும். வழக்கம் என்னவென்றால், ஒரு குழு பன்னிரண்டை முடித்ததும் திரும்பித் தடம் முழுக்கப் பார்க்க வேண்டும். ஒருவரும் இல்லை என்றால் ஒருமுறை அடிக்க வேண்டும். எறிமேடையில் நிற்கிறவர்கள் மணி கேட்டபிறகுதான் எறிய வேண்டும். ஒன்பது வருடத்தில் யாரும் பொய்யாக அடித்தது கிடையாது. கேலிக்குக்கூடக் கிடையாது. குடித்துவிட்டு ஆட வந்த பயல்கள்கூட அந்த மணியிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அப்படித்தான். மணி அடித்தால் வழி காலி. அதற்கு மேல் மேடேறிப் போய்ப் பார்க்கிற பழக்கம் எவருக்கும் கிடையாது.

ஹில்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. பத்து வயதில் அவள் கையில் முதல் வட்டைக் கொடுத்தவன் நான். அப்பா கப்பலில், அம்மா மருத்துவமனையில் மாற்றி மாற்றி வேலை. பிள்ளை நாள் முழுக்க மைதானத்தில்தான் கிடப்பாள். பதினாறு வயதில் ஊரில் எந்த ஆணையும்விட அதிக தூரம் எறிந்தாள். பன்னிரண்டை அவள் எறிகிற விதமே தனி. மேட்டை உரசுகிற மாதிரித் தாழ்வாக விடுவாள். வட்டு பிர்ச்சைச் சுற்றி இடப்பக்கம் வளைந்து, சரிவில் பாதியில் ஒரு பாறைக்குப் பக்கத்தில் இறங்கும். நூறு தடவை எறிந்தால் தொண்ணூறு தடவை அந்த இடம்தான். ஒரு கம்பளியை விரித்துப் போட்டால் தொண்ணூறும் அதற்குள் விழும். அவளுக்கு அந்த வழியைக் காட்டியதும் நான்தான்.

சிக்கல் என்னவென்றால், ஓஸ்மோ மரங்களை அறுத்ததும் அந்தச் சரிவில் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சம் விழுந்ததும் புளூபெர்ரி பிடித்துக்கொண்டது. அந்தப் பாறையைச் சுற்றி அப்படி ஒரு காய்ப்பு, கால் வைத்தால் காலணி நீலமாகிவிடும். நாலைந்து வருடமாக ஜூலை பிறந்தால் ஓஸ்மோ வாளியும், சீப்பு மாதிரிப் பல் வைத்த பழம் வாரும் பல்வாரியுமாக அங்கே வந்து குந்திக்கொள்வான். ஒருநாள் இரண்டுநாள் என்றால் போகட்டும். மூன்று வாரம். தடத்தில் ஆள் இருந்தால் யாரும் மணி அடிக்க மாட்டார்கள். மணி அடிக்காவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எறிய மாட்டார்கள். நிற்பார்கள், நிற்பார்கள், கடைசியில் ஒருவர் மேடேறிக் கைகாட்டி, ஓஸ்மோ மெதுவாக எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போவதற்குள் பின்னால் மூன்று குழு சேர்ந்துவிடும். அவர்கள் போனதும் திரும்ப வந்து குந்திக்கொள்வான்.

நட்சத்திரம் இறங்க ஆரம்பித்தது. நாலரையாக இருந்தது நாலு ஆயிற்று. குறைகள் கட்டத்தில் அதையே எழுதினார்கள். பன்னிரண்டில் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். ஒரு கிழவர் தடத்தை விட்டுப் போக மறுக்கிறார். இதைக்கூட யாரும் கவனிப்பதில்லையா? படித்ததும் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவேன். யாரோ ஒருவர் உயிராகப் பார்த்துக்கொள்கிறார் என்று எழுதின அதே கட்டத்துக்குப் பக்கத்தில் இது.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் காட்டில் யாரும் பழம் பறிக்கலாம். நிலம் யாருடையது என்று கேட்க முடியாது. நகரமன்றத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன், பழம் பறிப்பவரை அகற்ற வழியில்லை என்று பதில் வந்தது. பலகை வைத்தேன், ஓஸ்மோ அதில் மேல்சட்டையைத் தொங்கவிட்டான். நேரில் போய்ச் சொன்னேன். அவன் இடது காதுக்குள் கத்தினேன். வேறு இடத்தில் பழமே இல்லையா, சாலைக்கு அந்தப் பக்கம் முழுக் காடு கிடக்கிறதே என்றேன்.

"இருக்கு. ஆனா இங்கதான் பெருசு" என்றான்.

"ஜனங்க காத்துக் கெடக்கறாங்கடா."

"காத்திருக்கட்டும். ஏரியப் பாத்துக்கிட்டு நிக்க வலிக்குதா? காடு என்ன உங்கப்பன் வீட்டுதா பென்ட்டி? மரத்த அறுத்தவன் நானு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கு என்மேல் கோபமெல்லாம் கிடையாது. நாலு நாள் கழித்து, அந்தப் பருவத்து முதல் ஜாம் என்று ஒரு ஜாடியைக் கொண்டுவந்து என் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொரு வருடமும் வைப்பான். அந்த ஜாடி இன்னும் பாதி இருக்கிறது. கஞ்சியில் ஒரு கரண்டி போட்டுக்கொள்கிறேன். சர்க்கரையைக் குறைத்துப் போடுவான், நல்ல ருசி.

இனி அந்தச் சனிக்கிழமை. தேசியத் தொடரின் ஒரு சுற்றை நடத்த ஊர் தேடிக்கொண்டிருந்தார்கள். டிஸ்க் கோல்ஃப் சங்கத்திலிருந்து கிம்மோ என்பவர் மைதானத்தை ஆடிப் பார்க்க வந்தார். ஒன்பது வருடத்தில் நான் வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். தொலைக்காட்சி வரும், நாடு முழுக்கப் பன்னிரண்டாம் தடத்தைப் பார்க்கும். ஹில்லாவையே கிம்மோவுடன் ஆடச் சொன்னேன். மைதானத்தால் என்ன முடியும் என்பதை அவள் கையால் காட்டினால்தான் விளங்கும். நான் முன்னால் முன்னால் போய்த் தடத்தில் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதல்நாளே ஓஸ்மோவின் காதில் கத்தியிருந்தேன். நாளைக்கு மட்டும் வராதே, ஒரே ஒரு நாள். பார்க்கலாம் என்றான்.

பதினொன்றரைக்கு அவர்கள் பன்னிரண்டாம் மேடைக்கு வந்தார்கள். நான் மேட்டின் ஓரத்தில் தேவதாருக்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் மேடையும் அவர்கள் இருவரும். அந்தப் பக்கம் சரிவும் பாறையும், பாறைக்குப் பக்கத்தில் ஓஸ்மோவின் முதுகும்.

முன்னால் ஆடிய குழு ஓஸ்மோவைப் பார்த்துவிட்டு மணி அடிக்காமலே போய் வெகுநேரம் ஆகியிருந்தது, அது தெரியாமல் இவர்கள் மணிக்காக நின்றார்கள். ஹில்லா வட்டைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கிம்மோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம் கழித்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அவர் எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை, லேனா. நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. ஒன்பது வருடம் ஒரு வரியில் முடிந்துபோவதை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே கைபேசி அடித்தது, கிம்மோ அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பதினொன்றாம் கூடைப் பக்கமாக நடந்து போனார். மேடையில் ஹில்லா மட்டும்.

நான் சரிவில் இறங்கினேன். தேவதாருக்களிலிருந்து மணி வரைக்கும் நூற்றுப் பதினாறு காலடி. பின்னால் எண்ணிப் பார்த்தேன். வழி ஓஸ்மோவைத் தாண்டித்தான் போகிறது. பத்துக் காலடி தூரத்தில் போனேன். நான் அசைந்தது கண்ணில் பட்டிருக்க வேண்டும், தலையைத் தூக்கிப் பார்த்தான். வாய் முழுக்க நீலம். பல்வாரியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான், நல்ல பழம் என்கிற மாதிரி. நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் திரும்பக் குனிந்துகொண்டான்.

மணியிடம் போனேன். திரும்பித் தடம் முழுக்கப் பார்த்தேன், அதுதான் வழக்கம். ஒருமுறை அடித்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஒரு வட்டு பக்கத்தில் வந்து விழட்டும், பயந்துபோய் வாளியை எடுத்துக்கொண்டு போகட்டும், இனிமேல் வராமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதைப் பத்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன், அதனால் இப்போது சரளமாக வருகிறது. மேடையில் நின்றது யார் என்று எனக்குத் தெரியும். அவள் வட்டு எங்கே இறங்கும் என்று தெரியும். ஓஸ்மோவுக்குக் காது கேட்காது என்பது ஊருக்கே தெரியும். மணியும் கேட்காது, வட்டு காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தமும் கேட்காது. இதெல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்று கணக்குப் போட நூற்றுப் பதினாறு காலடி போதும். நான் போடவில்லை. போட்டேனா என்று நீங்கள் கேட்டால் எனக்கே உறுதியில்லை.

மேட்டுக்கு மேலே வட்டு தெரிந்தது. மஞ்சள் வட்டு. எவ்வளவு அழகான எறி என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். பிர்ச்சைச் சுற்றி வளைந்தது, இறங்கியது. ஓஸ்மோவின் நெற்றிப்பொட்டில் பட்டது. அவன் வாளிமேல் சாய்ந்தான். வாளி கவிழ்ந்தது.

நான் பதின்மூன்றாம் தடத்துக்குப் போய், அங்கிருந்து ஓடி வந்தேன்.

மேட்டில் ஹில்லாதான் முதலில் வந்து நின்றாள். வட்டைத் தேடி வந்தவள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது, நல்ல எறி என்று அவளுக்கே தெரியும் அல்லவா. பிறகு பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. சரிவில் விழுந்து எழுந்து வந்து, ஓஸ்மோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மணி அடிச்சுது, மணி அடிச்சுது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அதையே சொன்னாள்.

உங்கள் இலாகா ஆள் ஒருவர் வந்து விசாரித்தார், நல்ல பையன். நான் பதின்மூன்றில் இருந்தேன், மணி எதுவும் கேட்கவில்லை என்றேன். கிம்மோ கைபேசியில் இருந்ததால் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது என்றார். மிஞ்சியது ஹில்லாவின் சொல் மட்டும். விபத்து என்று எழுதி மூடினார்கள். அவளை யாரும் திட்டவில்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, அதுதான் கஷ்டம். அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

ஓஸ்மோ மருத்துவமனையில் பதினோரு நாள் உயிரோடு இருந்தான். நான் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை. வலது கை போர்வையின் மேல் இழுத்து இழுத்து அசைந்துகொண்டிருந்தது, பழம் வாருகிற மாதிரி. ஆள் தெரிகிறதா என்று நர்ஸைக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். இடது காதுப் பக்கம் குனிந்து, பழமெல்லாம் முடிஞ்சு போச்சு ஓஸ்மோ, வீட்டுக்கு வந்தா பாத்துக்கலாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? கண் என்மேலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை.

பிறகு ஹில்லா. அவள் வட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டாள். பரணில் பத்திரமாக இருக்கிறது. இளையோர் சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள், போகவில்லை. இப்போது மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் ஓஸ்மோவின் மனைவி வீட்டுக்குப் போய் விறகு பிளந்து அடுக்கிவிட்டு வருகிறாள். அந்த அம்மா காபி போட்டு வைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து குடிப்பார்கள். வழியில் என் வீட்டுக்கும் வருவாள். நான் பிஸ்கட் வாங்கி வைத்திருப்பேன்.

பிப்ரவரியில் ஒருநாள் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். டாக்டரிடம் போய்க் காதைச் சோதித்துக்கொண்டேன் என்றாள். இரண்டாவது தடவை. நகரத்துக்குப் போய்.

"என்னம்மா சொன்னாங்க?"

"காதுல ஒண்ணும் இல்லையாம் மாமா. நல்லா கேக்குதாம்." கையுறையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அப்ப நான் கேட்டது என்ன? நீங்க பக்கத்துல இருந்தீங்க. உங்களுக்குக் கேக்கல. எனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

நான் காபி ஊற்றினேன்.

"எறியணும்னு அவசரம் இருந்துச்சு மாமா. அந்த ஆள் முன்னாடி காட்டணும்னு இருந்துச்சு. அதனால நானே அடிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டேனா? மனுஷங்களுக்கு அப்படி ஆகுமா?"

"ஆகும்மா" என்றேன். "அவசரத்துல காது அப்படித்தான் கேக்கும். உன் தப்பு இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். கடையில் இப்போது யார் எதைக் கேட்டாலும் இரண்டு தடவை சொல்லச் சொல்கிறாள். என்ன சொன்னீங்க, இன்னொரு தடவை சொல்லுங்க. வரிசை நீண்டுவிடுகிறது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. என்னால் முடிந்த ஆறுதலைச் சொன்னேன். அதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்திருக்க முடியும்?

நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை புரிகிறது. காபி ஆறிவிட்டது, குடியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கிம்மோவின் குறிப்புகளை இரண்டு மாதம் கழித்துச் சங்கம் தபாலில் அனுப்பிவைத்தது, மரியாதைக்காக. பன்னிரண்டாம் தடம் என்று போட்டு, நிறைகளின் கீழ் அவர் கையெழுத்தில் எழுதியிருந்தார். மணி கேட்கும்வரை காத்திருக்கும் வழக்கம் அருமை. காத்திருக்கும்போது ஏரி தெரிகிறது, மேடையைச் சுற்றிப் பழம் பறித்துத் தின்னலாம். குறைகள் என்கிற கட்டம் காலியாக இருந்தது. அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. அவர் அன்றைக்கு எழுதியது அதுதான். எட்டு நிமிடமும் வாய் நிறையப் பழம் தின்றுகொண்டுதான் நின்றிருக்கிறார், என் கண்ணில் பட்டது கடிகாரமும் நோட்டும் மட்டும்.

இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. வியாழக்கிழமை குழு கூடுகிறது. பாதுகாப்பு அறிக்கை ஒன்று தயாராகியிருக்கிறது. பன்னிரண்டாம் தடத்தின் அமைப்பே ஆபத்தானது, மணி ஏற்பாடு நம்பத்தக்கதல்ல, காற்றில்கூடத் தானாக அடித்திருக்கலாம், ஆகவே தடத்தை மூடிக் கூடையைப் பிடுங்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காற்றில் அடிக்குமா அந்த மணி? இருபத்தெட்டு வருடம் அதைத் துடைத்தவன் நான். புயலில்கூட அசையாது. அபாண்டம்.

அதனால் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தடத்தில் குறை இல்லை. மணியில் குறை இல்லை. ஆட்டக்காரர்கள் ஒன்பது வருடம் வழக்கத்தைக் காப்பாற்றினார்கள், எறிந்த பிள்ளை வழக்கப்படிதான் எறிந்தாள். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை பொய்யாக அடித்தான். தடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, யார் என்று தெரிந்து, அவனுக்குக் கைகாட்டிவிட்டுப் போய் அடித்தான். அது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

ஒரு பிரதி வியாழனுக்குள் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அது முக்கியம், நீங்களே நேரில் கொடுத்துவிட்டால் நல்லது. ஹில்லாவுக்கும் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், அதற்கு ஒன்றும் அவசரமில்லை.